4கே திரையில் ஃபோட்டோஷாப் சிஎஸ்6 மெனு எறும்பு சைஸ்ல தெரியுது

கேள்வி (காரைக்குடி அச்சகம்):
கல்யாணப் பத்திரிகை வேலை முழுக்க சிஎஸ்6ல தான். புது கம்ப்யூட்டர் விண்டோஸ் 11, 4கே மானிட்டர், ஸ்கேலிங் (எழுத்து, ஐகானைப் பெருசாக் காட்டுற செட்டிங்) 200%. சிஎஸ்6ல மட்டும் மெனு, டூல் ஐகான் எதுவுமே படிக்க முடியல. ரெசல்யூஷனைக் குறைக்கணுமா?

பதில் 1:
வேண்டாம்ணே, குறைச்சா மத்த எல்லாமே மங்கும். சிஎஸ்6 வந்தது 2012ல. ஸ்கேலிங்கை நானே பாத்துக்குறேன்னு விண்டோஸ்கிட்ட சொல்லும், ஆனா ஐகானைப் பெருசாக்காது. ஃபோட்டோஷாப்.இஎக்ஸ்இ மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கடைசியில இருக்க 'ஓவர்ரைடு'ல டிக் போட்டு 'சிஸ்டம்' தேர்ந்தெடுங்க. ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்க. ஃபோட்டோஷாப்போட 32 பிட், 64 பிட் பதிப்பு ரெண்டும் இருந்தா தனித்தனியா செய்யணும்.

பதில் 2:
ஒண்ணு கவனிங்க. இப்ப விண்டோஸ் முழு ஜன்னலையும் இழுத்துப் பெருசாக்குது, கேன்வாஸும் (படம் தெரியுற பகுதி) சேர்ந்துதான். 200%ல ஒரு பிக்சல் நாலா விரியும். மாப்பிள்ளை பொண்ணு படம் லேசா மங்கலாத் தெரியும். அதைப் பாத்து ஷார்ப்பன் போட்டுடாதீங்க, பிரிண்ட்ல கரகரன்னு வரும். ஃபைல்ல எதுவும் மாறல.

கேள்வி கேட்டவர்:
மெனு சரியாயிடுச்சு. பக்கத்துல பழைய 1080 மானிட்டரும் இருக்கே, அதுக்கு என்ன பண்ணணும்?

பதில் 1:
அதுக்குத் தனியா எதுவும் பண்ண வேண்டாம். 'சிஸ்டம்' போட்டா, ஜன்னல் எந்தத் திரையில இருக்கோ அந்தத் திரையோட ஸ்கேலிங்குக்கு ஏத்த மாதிரி விண்டோஸே பெருசாக்கிக்கும்.