சப்ஸ்டேஷன் கடிகாரம் காலை வாரிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள் (கடலூர், புதுவை பக்கம்)

சிப்காட்வாசி:
கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் 110 கேவி யார்டு. சி.டி.க்கு (மின்னோட்டம் அளக்கும் டிரான்ஸ்பார்மர்) ஒன்று, பி.டி.க்கு (மின்னழுத்தம் அளப்பது) ஒன்று என்று புதிதாக இரண்டு மெர்ஜிங் யூனிட், அதாவது அந்த அளவுகளை கடிகாரத்தை ஒட்டி எண்ணிட்ட டிஜிட்டல் சாம்பிள்களாக அனுப்பும் பெட்டிகள். சப்ளையர் ஆட்கள் தனித்தனியாக கேலிபரேட் செய்து இரண்டுமே பாஸ் என்று சர்டிபிகேட்டும் கொடுத்தாயிற்று.

லோடு 20 மெகாவாட். கெபாசிட்டர் பேங்க் உள்ளே இருப்பதால் பவர் ஃபேக்டர் ஒன்றை ஒட்டித்தான் நிற்க வேண்டும், அதாவது மெகாவார் (வேலை செய்யாமல் போய்வரும் மின்சாரம்) சுழியை ஒட்டி. திரையிலோ ஒன்றரை மெகாவாருக்கு மேல். பக்கத்து பேனலில் கழற்றாமல் விட்டிருந்த பழைய முள் மீட்டர் மட்டும் சுழியில் நின்றது. வந்திருந்த பையன் அதன் கண்ணாடியை விரலால் தட்டி, “முள்ளு மாட்டிக்கிச்சு சார்” என்றான். முள் லேசாக ஆடி, திரும்ப அதே இடத்துக்கு வந்தது. இன்னொரு தடவை தட்டினான்!

லேப்டாப்பில் பிடித்துப் பார்த்ததில் பி.டி. யூனிட்டின் சாம்பிள் எண்ணிக்கை சி.டி. யூனிட்டைவிட ஒன்று பின்தங்கியிருந்தது. ஒரு சுற்றுக்கு 80 சாம்பிள், அதாவது நொடிக்கு 4000. ஒரு சாம்பிள் தப்பினால் 250 மைக்ரோ செகண்ட், 4.5 டிகிரி. கோணக் கணக்கில் 270 நிமிடம். 0.2 கிளாஸ் (0.2 சதவீதத் துல்லிய) பி.டி.க்கு அனுமதியே 10 நிமிடம்தான். மெகாவாட் முக்கால்வாசிப் பேருக்குச் சந்தேகமே தராது, 0.3 சதவீதம்தான் குறையும். மெகாவார்தான் காட்டிக்கொடுக்கும். சாஃப்ட்வேர் மாற்றியதும் சரியானது. முள் மீட்டரைக் கழற்றச் சொல்லி இப்போதும் கேட்கிறார்கள், நான் விடவில்லை.

பாகூர் லைன்:
எங்களுக்கு மைக்ரோ செகண்ட் எல்லாம் இல்லை சார், மணிக்கணக்கில் போனது. விடிகாலை 4.10க்கு லைன் டிரிப். ஆறு மணிக்கு ரிக்கார்டரைத் திறந்தால் நம் முனையில் காலை 9.40 என்கிறது, எதிர்முனையில் முந்தைய இரவு 10.40. எங்கள் ஜிபிஎஸ் கடிகாரம் உலக நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி இந்திய நேரமாகவே அனுப்ப, ரிலே (கோளாறு வந்தால் லைனை டிரிப் செய்யும் கருவி) தன் பங்குக்கு இன்னொரு ஐந்தரை கூட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் யாருமே கூட்டவில்லை. ஷிஃப்ட் ஆபரேட்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, “ஒன்பதே முக்காலுக்கு நான் டூட்டியிலேயே இல்லை, என்கிட்ட விளக்கம் கேட்காதீங்க” என்றார். அந்த 9.40 இன்னும் வரவே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ரிலே தாத்தா:
முதலில் எழுதிய தம்பிக்கு: கேலிபரேஷனைக் குறை சொல்வது நியாயமில்லை. டெஸ்ட் கிட்டை யூனிட்டுக்குப் போகும் அதே கடிகாரப் பல்ஸில் (நொடிக்கொரு துடிப்பு) கட்டியிருந்தால் 4.5 டிகிரி அன்றைக்கே தெரிந்திருக்கும். வெறும் விகிதமும் மூன்று பேஸ்களுக்கு இடையிலான கோணமும் பார்த்தால் எதுவும் பாஸ்தான்.

என் கதை சின்னது. கடலோரம் ஓர் இடத்தில் ஐப்பசி மழையில் ஜிபிஎஸ் கடிகாரத்தின் ஆண்டெனா கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பூத்து, சாட்டிலைட் ஒன்றும் கிடைக்கவில்லை. அலாரம் வயரை யாரும் இணைத்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. உப்புக் காற்றுக்கு சாதா இன்சுலேஷன் டேப் போதாது, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். ஆண்டெனா கேபிள் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோ செகண்ட் தாமதம் தரும், நீளத்தைக் கடிகாரத்தில் பதியுங்கள். சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் அடியிலிருந்து காப்பது) கட்டாயம். எஸ்.என்.டி.பி. (நெட்வொர்க் வழியே நேரம் அனுப்பும் சாதாரண முறை) மில்லி செகண்ட் வரைக்கும்தான், ஈவென்ட் பட்டியலுக்குச் சரி, சாம்பிளுக்கு ஆகாது. அதற்கு பி.டி.பி. (நெட்வொர்க்கிலேயே துல்லியமான முறை) அல்லது பல்ஸ், ஒரு மைக்ரோ செகண்டுக்குள். சாம்பிளோடு வரும் ஒத்திசைவுக் குறியீட்டையும் பாருங்கள்: 2 என்றால் உலக நேரம், 1 என்றால் உள்ளூர் கடிகாரம், 0 என்றால் எதுவுமில்லை. யார்டுக்குள் எல்லோரும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றினால் 1 இருந்தாலும் பயமில்லை. இரண்டு ஊர் அளவைகளை ஒப்பிடும்போதுதான் 2 வேண்டும்.

சிப்காட்வாசி:
தாத்தா, பல்ஸ் வயர் கிட்டில் மாட்டித்தான் இருந்தது. அவர்கள் டெஸ்ட் ஷீட்டில் அந்தக் கோணத்தை எழுதக் கட்டமே இல்லை, அதனால் யாரும் படிக்கவில்லை. குறியீடு இரண்டு யூனிட்டிலும் 2 என்றுதான் காட்டியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?