காலையில் நன்றாக ஓடும், மதியம் படுத்துக்கொள்ளும்

சத்துவாச்சாரியில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். போன மே மாதம் கே.வி.குப்பத்திலிருந்து ஆசிரியர் ஒருவர் தன் டீசல் காரைக் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவுக்கு வேலூரில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். “காலைல வர்றப்ப ஒண்ணும் இல்லண்ணே. மத்தியானம் திரும்பறப்பதான் இப்டி ஆவுது. ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் எல்லா லைட்டும் ஒண்ணா எரியுது. ஸ்பீடு முள்ளு பொசுக்குனு கீழ வந்துடுது, ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆயிடுது” என்றார். ஏற்கெனவே ஓரிடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, ஏபிஎஸ் பெட்டி (சடன் பிரேக்கில் சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நானும் ஸ்கேனர் போட்டேன். இன்ஜினுக்கும் ஸ்டீயரிங்குக்கும் உள்ள கம்ப்யூட்டர் பெட்டிகளில் யூ0121 என்ற கோளாறு எண். ஏபிஎஸ்ஸோடு பேச்சு அறுந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியை மாற்றச் சொன்னவர் இதை மட்டும் பார்த்திருக்க வேண்டும். ஏபிஎஸ் பெட்டிக்குள் போய்ப் பார்த்தால் அங்கே யூ0100 இருந்தது. இன்ஜினோடு பேச்சு அறுந்துவிட்டது என்று அதுவும் புகார் எழுதி வைத்திருக்கிறது. செத்த பெட்டி புகார் எழுதுமா? 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து தரைப்பாலங்கள் மூழ்கினபோது அக்கரை ஊர்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, வழிதான் போனது. இதுவும் அப்படித்தான்.

இந்தப் பெட்டிகளெல்லாம் பேசிக்கொள்வது கேன் ஹை, கேன் லோ என்ற இரண்டே ஒயர்களில். முறுக்கிய ஜோடியாக வண்டி முழுக்க ஓடும். கேன் என்பது பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட ஏற்பாடு. லைனின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. இரண்டும் பேரலலில் இருப்பதால் ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில் 6-வது பின்னுக்கும் 14-வது பின்னுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, சில நிமிடம் விட்டுப் பிறகு வைக்க வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடி அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஷார்ட்.

காலை ஒன்பது மணிக்கு வைத்தேன், சரியாக 60. அங்கேயே விட்டிருந்தால் நானும் பெட்டியைத்தான் குறை சொல்லியிருப்பேன். “மத்தியானம்தான்” என்று அவர் சொன்னது மனதில் இருந்தது. பதினொரு மணி வெயிலில் வண்டியை நிறுத்தி, ஏசியை முழுசாக வைத்து ஓடவிட்டேன். நாற்பது நிமிடத்தில் எல்லா லைட்டும் எரிந்தது. பேட்டரியைக் கழற்றி அதே இரண்டு பின்னில் வைத்தால் 78. முழுசாக அறுந்திருந்தால் 120 வந்திருக்கும். 78 என்றால் வழியில் ஏறக்குறைய 100 ஓம் தடை புகுந்திருக்கிறது. அதாவது ஏதோ ஒரு ஜாயின்ட் அரித்துக்கொண்டிருக்கிறது.

மீட்டரை ஒரு கண்ணால் பார்த்தபடியே ஹார்னஸை (ஒயர் கட்டை) இடத்துக்கு இடம் அசைத்துக்கொண்டு வந்தேன். இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில் கை பட்டதும் மீட்டர் 120-க்குத் தாவியது. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருந்த பஞ்சு சொதசொதவென்று நனைந்திருந்தது. ஏசி தண்ணீர் வெளியேறும் பைப்பில் புழுதியும் இலைத்தூளும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளேயே இறங்கியிருக்கிறது. கனெக்டரைப் பிரித்தேன். பன்னிரண்டு பின்னில் பத்து பளிச்சென்று இருக்க, கேன் ஜோடியின் இரண்டு பின்னிலும் பழைய செம்புச் சொம்பில் இருப்பது மாதிரி பச்சைக் களிம்பு. ஒன்றைக் கட்டை விரலால் தள்ளினேன், பொடிந்து கையோடு வந்துவிட்டது.

இரண்டு பின்னையும் மாற்றி, பைப் அடைப்பை எடுத்து, கார்ப்பெட்டை வெயிலில் காயவைத்துப் போட்டோம். சாமான் செலவு முந்நூறு ரூபாய்க்குள். பைப் அடைப்பை எடுக்காமல் பின்னை மட்டும் மாற்றினால் அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். உங்களுக்கும் இப்படி மாட்டியிருந்தால் எழுதுங்கள்.

*ராணிப்பேட்டையிலிருந்து:*

எனக்கு மாட்டியது லாரி. தோல் லோடு ஏற்றுகிற வண்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிக்அப் இல்லாமல் திணறும், பிறகு தானாகச் சரியாகும். லாரியிலும் இதே 60 ஓம் கணக்குதான், ஒன்பது பின் சாக்கெட்டில் சி, டி பின்களில் வைக்க வேண்டும். எனக்கு 40 வந்தது. மீட்டர் பேட்டரி வீக் என்று நினைத்து மாற்றிப் பார்த்தேன், மறுபடியும் 40. அப்புறம்தான் உறைத்தது: மூன்று 120 பேரலலில் இருந்தால் 40. மூன்றாவது எங்கிருந்து வந்தது? டேஷ்போர்டைக் கழற்றினால் யாரோ வைத்த ஜிபிஎஸ் பெட்டி. கேன் ஒயரைச் சீவி, வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அதற்குள் ஒரு ரெசிஸ்டர். பெட்டியைப் பிரித்து எடுத்ததும் 60, வண்டியும் சீராக ஓடியது. பிறகு வெளியிலிருந்து எதையாவது மாட்டியிருக்கிறீர்களா என்று டிரைவரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

*குடியாத்தத்திலிருந்து:*

எங்கள் பக்கம் எலிதான். தென்னந்தோப்பில் பத்து நாள் நின்ற கார், செல்ஃபே அடிக்கவில்லை, ஸ்கேனர் எந்தப் பெட்டியையும் பிடிக்கவில்லை. சாவி போட்டு 6-வது பின்னில் வோல்ட் பார்த்தேன். லைன் சும்மா இருக்கும்போது இரண்டு ஒயரிலும் 2.5 வோல்ட், பேசும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். மீட்டரில் சராசரியாக 2.5-ஐ ஒட்டி வர வேண்டும். எனக்குப் பூஜ்யம். பேட்டரி டிரேக்குப் பின்னால் எலி கடித்து, ஹை ஒயரின் செம்பு பாடியில் உட்கார்ந்திருந்தது. ஹை ஒயர் எர்த் ஆனால் மொத்த வண்டியும் ஊமையாகிவிடுகிறது. ஒட்டுப் போட்டுவிட்டேன். ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தில் முறுக்கு பிரிந்திருக்கிறது, விடலாமா?

*சத்துவாச்சாரி:*

விடாதீர்கள் தம்பி. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே அளவு ஏறினால்தான் பெட்டியால் அதைக் கழிக்க முடியும், அதற்குத்தான் முறுக்கு. இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் ஒன்றை முன்னால் ஒன்றைப் பின்னால் தள்ளி சால்டர் வையுங்கள். தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, பழையபடி முறுக்கிவிடுங்கள். டேப் மட்டும் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகி வந்துவிடும். முடித்ததும் பேட்டரியைக் கழற்றி ஒரு தடவை 60 வருகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.