வை ஆற்றங்கரையில் கிளாஸ்பரி: அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கேனூவும் மலையும் பார்க்க மூன்று நாள் போதுமா?

கேள்வி (ஹாரோவாசி)

வணக்கம். வேல்ஸின் போவிஸ் மாவட்டத்தில், வை ஆற்றின் கரையில் உள்ள கிளாஸ்பரி என்ற சிற்றூருக்கு ஆகஸ்ட் மாதத்தில் மூன்று நாள் சென்று தங்க எண்ணியிருக்கிறோம். நானும் என் மனைவியும், 12 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகளும், மதுரையிலிருந்து வந்திருக்கும் 67 வயதான என் தாயாரும் செல்கிறோம். அந்த ஊர் கேனூ என்ற, துடுப்பால் ஓட்டும் சிறு படகுக்குப் பெயர்பெற்றது என்றும், ஊருக்குத் தெற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரைக் காண்பதற்காகவே பலர் அங்கே வருகிறார்கள் என்றும் உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் சொன்னார். எங்களுள் என் மனைவிக்கு மட்டுமே நன்றாக நீந்தத் தெரியும். அம்மா துடுப்பைத் தொட்டதே இல்லை. ஆயினும் வைகையில் தண்ணீர் ஓடிய காலத்தில் அதில் குளித்து வளர்ந்தவர் என்பதால், கரையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் படகேறினால் வருத்தப்படுவார்.

எனக்குத் தெரியவேண்டியவை இவை: முன்பின் பழக்கமில்லாத குடும்பம் ஆற்றின் எந்தப் பகுதியில் செல்லலாம்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எல்லா ஆறுகளிலும் படகு விட உரிமை இல்லை என்று படித்தேன். இங்கே அந்தச் சிக்கல் உண்டா? மலையேற முடியாத அம்மாவுக்கு மலையை எப்படிக் காட்டுவது?

பதில் 1 (ஹெரிஃபோர்ட் பக்கத்துக்காரன்)

வணக்கம். நான் பல ஆண்டுகளாக அந்த ஆற்றில் கேனூ ஓட்டி வருகிறேன். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்வதென்றால், கிளாஸ்பரியில் படகேறி ஹே-ஆன்-வை ஊரில் இறங்குங்கள். ஆற்று வழியாக ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அவசரப்படாமல் துடுப்புப் போட்டால் இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். நீரோட்டமே உங்களைக் கொண்டுபோகும் என்பதால் எதிர்த்துத் துடுப்புப் போடவேண்டிய தேவை இல்லை. படகு வாடகைக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மிதவைச் சட்டையையும், உடைமைகளை வைக்க மூடி திருகும் பிளாஸ்டிக் பீப்பாயையும் கொடுத்து, முடியும் இடத்திலிருந்து திரும்ப அழைத்துவரவும் ஏற்பாடு செய்வார்கள். முன்பதிவின்போதே அதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உரிமை பற்றி நீங்கள் படித்தது உண்மைதான். ஹே பாலத்திலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் பகுதியில் பொதுமக்களுக்குப் படகு விடும் உரிமை உறுதியானது. அதற்கு மேலே உள்ள ஆற்றைப் பற்றி மீன்பிடி உரிமை வைத்திருப்பவர்களுக்கும் படகோட்டிகளுக்கும் நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. கிளாஸ்பரிக்கும் ஹேக்கும் இடையில் மட்டும் நடைமுறையில் நெடுங்காலமாகக் குடும்பங்கள் படகு விட்டு வருகின்றன. அந்த ஊர் கேனூ ஊராக ஆனதற்குக் காரணமே அதுதான். கிளாஸ்பரிக்கு மேற்பட்ட பகுதியைக் கோடையில் நினைக்கவே வேண்டாம். வழியில் சால்மன் மீனுக்காக இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசுபவர்களைக் காண்பீர்கள். அவர்கள் கையைக் காட்டும் பக்கமாகப் படகை ஒதுக்கி, துடுப்பை அடிக்காமல் சத்தமின்றி மிதந்து கடப்பது அங்குள்ள மரியாதை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. நாள்காட்டியைப் பார்த்து ஆற்றுக்குச் செல்லும் நாளை முடிவு செய்யாதீர்கள். ஆற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வை ஆறு வேல்ஸின் நடுவில் உள்ள பும்லுமோன் மலையில் பிறக்கிறது. அங்கே பெய்யும் மழை, கிளாஸ்பரியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மட்டத்தை உயர்த்திவிடும். ஊருக்கு அருகிலேயே வந்து சேரும் லின்வி என்ற சிற்றாறு செம்மண் நிலங்களின் வழியே வருகிறது. ஆற்று நீர் செம்பழுப்பாகத் தெரிந்தால் மலைப்பக்கம் மழை பெய்திருக்கிறது என்று கொள்ளலாம். நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் என்ற அரசு அமைப்பு ஆற்று மட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது. மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் படகு வாடகைக்குக் கொடுப்பவர் சம்மதித்தாலும் பிள்ளைகளுடன் இறங்காதீர்கள். மறுபுறம், மழையில்லாத ஆகஸ்டில் கூழாங்கல் திட்டுகளில் படகு தட்டி நின்றுவிடும்; எல்லோரும் இறங்கி இழுத்துச் செல்ல நேரும். எனவே கழன்றுபோகாத பழைய காலணி அணிந்து வாருங்கள், செருப்பு உதவாது.

அபாயம் எங்கே இருக்கிறதென்றால், வளைவுகளின் வெளிப்பக்கத்தில் நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரங்களில் இருக்கிறது. நீர் கிளைகளின் ஊடே போய்விடும், மனிதன் போகமுடியாது. ஆகவே வளைவு வரும்போது உள்பக்கமாகவே செல்லுங்கள். படகு கவிழ்ந்தால் வேகமான நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி மிதந்து, நீரின் வேகம் குறைந்த இடத்தில் கரையேற வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் புறப்படுவதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். சென்ற முறை நாங்கள் கவிழ்ந்தது ஆழத்தில் அல்ல, முழங்கால் அளவு நீரில்தான். பேசிக்கொண்டே பக்கவாட்டில் பாறையில் மோதினோம். கார் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. இப்போது இருக்கும் சாவி இரண்டாவது சாவி.

ஓர் இடைச்செருகல்: உங்கள் தாயாரிடம் இந்த ஆற்றின் பெயர் ‘வை’ என்று சொல்லுங்கள். குண்டோதரனின் தாகம் தீரக் கையை வைக்கச் சொல்லி, அதனால் வைகை பெயர்பெற்றது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த மதுரைக்காரருக்கு, இது கை இல்லாத வைகை என்று உடனே தோன்றிவிடும்.

பதில் 2 (மலைநடையர்)

மேலே சொன்னவை எல்லாம் சரி. மலையைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க்குழப்பம். கிளாஸ்பரியிலிருந்து தெரியும் தொடர் ‘பிளாக் மவுண்டன்ஸ்’. அது அமைந்திருக்கும் தேசியப் பூங்காவின் மேற்குக் கோடியில் ‘பிளாக் மவுண்டன்’ என்று ஒருமையில் இன்னொரு மலைப்பகுதி இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு வேறு மாவட்டத்தில் போய் நின்றவர்களை நான் அறிவேன். பூங்காவின் பெயரும் 2023ஆம் ஆண்டு முதல் வேல்ஸ் மொழியில் பன்னை பிரகைனியோக் என்றே வழங்குகிறது. பழைய பலகைகளில் பிரெக்கன் பீக்கன்ஸ் என்று இருக்கும்.

மலையேற முடியாதவருக்கு மலையைக் காட்ட அங்கே அருமையான வழி உண்டு. ஹே ஊரிலிருந்து தெற்கே ஏறும் ஒற்றைத்தடச் சாலை, ஹே பிளஃப் என்ற 677 மீட்டர் உயரமுள்ள முகட்டின் அடிவாரப் புல்வெளிக்குச் செல்கிறது. கார் நிறுத்தும் இடத்திலிருந்தே வை பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடக்கும். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் கம்பளிச் சால்வையும் போதும். ஆகஸ்டிலும் சால்வை வேண்டும், காற்று அப்படி. மலைக்குதிரைகள் பக்கத்தில் வந்து நிற்கும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். நீங்களும் பிள்ளைகளும் அங்கிருந்து முகட்டுக்கு ஏறலாம். செங்குத்தாக இருந்தாலும் தூரம் குறைவு. மேலே ஏறியபின் தட்டையான புல்வெளிதான். பிள்ளைகளுக்குத் தெம்பு இருந்தால் பக்கத்தில் உள்ள 690 மீட்டர் உயரத் தும்பா முகட்டுக்கும் போகலாம். அதே சாலை தொடர்ந்து காஸ்பல் பாஸ் என்ற 549 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி, பாழடைந்த லான்தோனி மடாலயத்தை நோக்கி இறங்குகிறது. கணவாய் வரை போய்த் திரும்பினாலும் போதும். எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுங்கள்.

முன்னவர் ஆற்றைப் பார்த்துப் படகேறும் நாளை முடிவு செய்யச் சொன்னார். அதற்கு ஒரு துணைவிதி: மழை பெய்யும் நாளில் முகடுகள் மேகத்துக்குள் இருக்கும், ஒன்றும் தெரியாது. மழை விட்ட மறுநாள் வானம் தெளிந்திருக்கும், ஆறு மட்டும் இன்னும் இறங்கியிருக்காது. அந்த நாளை மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் நாளுக்கு ஹே ஊரின் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. 1977ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ரிச்சர்ட் பூத் என்ற புத்தகக் கடைக்காரர் அந்த ஊரைத் தனி நாடாக அறிவித்துத் தம்மை அரசராக்கிக்கொண்ட கதையைப் பிள்ளைகள் விரும்புவார்கள்.

பதில் 3 (கரையோரக் குரல்)

அம்மாவைப் படகில் ஏற்றுவது பற்றி இருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் கருத்து, ஏற்ற வேண்டாம் என்பது. படகு கவிழ்ந்தால் நீர் ஆழம் குறைவு என்பது இளைஞனுக்கு ஆறுதல். 67 வயதில் வழுக்கும் கூழாங்கல்லில் விழுந்தால் இடுப்பெலும்புக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல. குளிர்ந்த நீரில் திடீரென விழும்போது மூச்சு திணறும் என்பதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று, கோழிப்பண்ணைக் கழிவிலிருந்து வரும் பாஸ்பேட் முதலிய காரணங்களால் இந்த ஆற்றின் நிலை சீர்கெட்டு வருகிறது; வெயில் மிகுந்த கோடையில் பாசி பெருகி நீர் பச்சையாகிவிடும். அத்தகைய நாளில் பிள்ளைகள் நீரை வாயில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் கை கழுவுங்கள். காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள்.

கார் இல்லையென்றால் ஹெரிஃபோர்ட் வரை ரயிலும், அங்கிருந்து ஹே வழியாக பிரெக்கன் செல்லும் டி14 பேருந்தும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தனியாகப் பாருங்கள். மலைச்சாலைக்குப் பேருந்தை நம்ப முடியாது.

பதில் 4 (ஹெரிஃபோர்ட் பக்கத்துக்காரன்)

கரையோரக் குரல் அவர்களின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் முற்றாக மறுக்கமாட்டேன். இந்தப் பகுதியில் விடப்படும் திறந்த கனடியக் கேனூ அகலமானது. நடுவில் தாழ்வாக உட்காருபவர் துடுப்புப் போடவேண்டியதில்லை. முழங்காலை மடக்கி இரண்டு மணி நேரம் அவரால் உட்கார முடியுமா, ஈரப் படிகளில் ஏறி இறங்க முடியுமா என்பவைதான் கேள்வி. முடியும் என்றால், ஆறு தாழ்ந்து தெளிந்திருக்கும் நாளில், பயிற்சியாளர் ஒருவர் பின்னால் அமர்ந்து திருப்பும் படகில் அவரை ஏற்றுங்கள். பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்புகிறார். அந்த இடத்தில் முதல் முறை ஓட்டும் நீங்கள் இருக்கக் கூடாது. பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன்.

கேட்டவரின் மறுமொழி (ஹாரோவாசி)

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காய் நறுக்குபவருக்கு உட்காருவது ஒரு பிரச்சினையே அல்ல என்றும், ஈரப் படிதான் தமக்கு அச்சம் என்றும் சொன்னார். பயிற்சியாளருடன் செல்லும் படகு ஒன்றுக்கு விசாரித்திருக்கிறேன். படகேறும் நாளை முன்கூட்டியே உறுதி செய்யாமல், மூன்று நாட்களுள் ஆற்று மட்டம் இடங்கொடுக்கும் நாளுக்கு மாற்றிக்கொள்ள அவர்கள் சம்மதித்துள்ளார்கள். முந்தைய நாள் மாலை நான் ஆற்று மட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்களை அழைக்க வேண்டும். அம்மா ஏறாவிட்டால் ஹே பாலத்தில் நின்று நாங்கள் வருவதைப் பார்ப்பதாகச் சொல்கிறார். கிளாஸ்பரியில் எங்களை வழியனுப்பிவிட்டு அவர் தனியாக ஹே வந்து சேர, அதே டி14 பேருந்து கிளாஸ்பரியில் எந்த இடத்தில் நிற்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

பதில் 5 (கரையோரக் குரல்)

தனியாக அனுப்பாதீர்கள். சாலை வழியே நான்கு மைல்தான். பெரியவர்களுள் ஒருவர் அவரைக் காரில் ஹேயில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கிளாஸ்பரிக்குத் திரும்புவது எளிது. பாலத்தில் நெடுநேரம் நிற்கவைக்காமல் தேநீர்க்கடையில் உட்காரச் சொல்லி, படகு நெருங்கும்போது கைப்பேசியில் அழையுங்கள். கைப்பேசி பீப்பாய்க்குள் இருக்கும் என்பதால், எத்தனை மணிக்கு அழைப்பீர்கள் என்பதை முன்பே பேசிவைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் கரையில் ஒதுங்கி அதை வெளியே எடுங்கள்.