நாகேஷ் படங்களில் எதை முதலில் காட்டுவது?

நண்பர்களுக்கு வணக்கம். அக்கா பையன் காலேஜ் லீவுக்கு வந்திருக்கிறான். நாகேஷ் என்றால் 'திருவிளையாடல்' தருமி மட்டும்தான் அவனுக்குத் தெரியும், அதுவும் மீம்ஸ் புண்ணியத்தில்! நாலைந்து படமாவது காட்டி அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

'காதலிக்க நேரமில்லை' கட்டாயம் உண்டு. பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் கதவுச் சத்தம் முதல் காலடிச் சத்தம் வரை எல்லாம் அவர் வாயிலேயே வரும். பாலையா பயப்படுகிற அழகு தனி. அப்புறம் 'எதிர்நீச்சல்' மாது. 'நம்மவர்' படத்தில் மகளை இழந்த அப்பாவாக நடித்தாரே, தேசிய விருது வாங்கித் தந்த அந்த வேடத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 'மகளிர் மட்டும்' பிணம் நடுவில் வரட்டும்.

குழப்பம் இதுதான்: 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி' இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. உங்கள் ஓட்டு எதற்கு? 1970களில் அவர் நடித்ததில் நான் அதிகம் பார்க்கவில்லை. அதிலிருந்தும் ஒன்று சொல்லுங்கள், எந்தக் காட்சிக்காக என்பதையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பிவிடுவான், கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.