புதுப்பிப்பு: கிறவல் றோட்டும் ஏபிஎஸ் விளக்கும்

முதல் கேட்டது இதுதான்: ஒட்டுசுட்டான் பக்கக் கிறவல் றோட்டில ஓடின காருக்கு ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கேக்க சில்லு பூட்டாமல் பாக்கிற அமைப்பு) விளக்கு அணையாமல் நிண்டது. ஏபிஎஸ் பம்பை மாத்தச் சொல்லி அரைவாசிப் பேர், சில்லின்ர வேகத்தை அளக்கிற சென்சர் எண்டு மிச்சப் பேர். கிறவலில ஏபிஎஸ் இல்லாட்டிக் கெதியா நிக்கும் எண்டு அதின்ர பியூசைக் கழட்டச் சொன்னவையும் இருக்கினம்.

பம்பில பிழையே இல்லை. ஸ்கானரில நாலு சில்லின்ர வேகத்தையும் ஒண்டாப் பாத்தால், மற்ற மூண்டும் 20 கிமீ காட்டேக்க முன் இடது சில்லு இடைக்கிடை 0க்கு விழுந்தது. சென்சரைக் கழட்ட, நுனியில செம்புழுதியும் பிறேக் இரும்புத் தூளும் களிமாதிரி அப்பியிருந்தது. சில்லுப் பெயரிங் சீலுக்குள்ள, சென்சர் வேகத்தை வாசிக்கிற காந்த வளையம் இருக்கிறபடியால் இரும்புத் தூள் அங்க தேடிப்போய் ஒட்டும். ஈரத் துணியால மெல்லத் துடைச்சாக் காணும். ஸ்குரூட்றைவரால சுரண்டினால் வளையம் பழுதாகும். துருப்பிடிச்சு இறுகின சென்சரை வயரில பிடிச்சு இழுக்கவே வேண்டாம்.

பெயரிங் மாத்துறவை கவனியுங்கோ: காந்தப் பக்கம் சென்சரைப் பாக்கவேணும். திருப்பி அடிச்சால் சிக்னலே வராது, பிறகு புதுச் சென்சர் வாங்கியும் பிரயோசனமில்லை.

பியூசைக் கழட்டச் சொன்னவைக்கு: இளகின கிறவலில சுத்தாமல் பூட்டின சில்லு கல்லை முன்னுக்குக் குவிச்சுக் கெதியா நிக்கும், அது உண்மை. ஆனால் அப்ப ஸ்டியரிங் கேக்காது. மழைக்கு ஏ9 றோட்டில மாடு குறுக்க வந்தால் விலத்த ஏலாது. பின் சில்லுக்குப் போற பிறேக் அழுத்தத்தைப் பங்கிடுறதும் அதே ஏபிஎஸ் யூனிட்தான். அது நிண்டால், கடுமையாப் பிறேக் பிடிக்கேக்க பின்பக்கம் முதல் பூட்டி வாகனம் சுத்தலாம். தயவுசெய்து கழட்டாதேங்கோ.