கெய்ரோ நகரிலிருந்து வெளியேறியோர் பற்றிய தரவு தேவை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், ஒஹாயோ ஆறு மிசிசிப்பியுடன் கலக்குமிடத்தில் உள்ள கெய்ரோ என்னும் சிறு நகரத்தின் அன்றாட வாழ்வைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். 1920இல் 15,203 ஆக இருந்த அதன் மக்கள்தொகை, 2010இல் 2,831 ஆகவும் 2020இல் 1,733 ஆகவும் சுருங்கிவிட்டது. இக்கடைசிச் சரிவில், மூடப்போவதாக 2017இல் அறிவிக்கப்பட்ட எல்ம்வுட், மெக்பிரைட் ஆகிய, குறைந்த வருமானத்தினருக்கான இரு அரசுக் குடியிருப்புகளிலிருந்து வெளியேறியோரின் பங்கு எவ்வளவு என்பதில்தான் மூன்று வாரங்களாகச் சிக்கி நிற்கிறேன்.

பத்தாண்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தேன். அது தலைகளை எண்ணுகிறதே தவிர, போன இடத்தைச் சொல்வதில்லை. ஐந்தாண்டு மாதிரி மதிப்பீடுகளிலோ, இவ்வளவு சிறிய ஊருக்குப் பிழை வரம்பு மிகப் பெரிதாக இருப்பதால், எதையும் உறுதியாகக் கூற இயலவில்லை. வருமான வரித் துறையின் இடப்பெயர்வு அட்டவணைகள் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அளவோடு நின்றுவிடுகின்றன.

வெளியேறியோர் எந்தெந்த ஊர்களில் குடியேறினர் என்பதை நகர அளவிலேயே காட்டும் பொதுத் தரவு எங்கே கிடைக்கும்?