சர்வர் கிடைக்கலைன்னு போன் வந்தா: தமிழ்நாடு–கேரள எல்லையோரக் கடைகளில் நாலு ஊர்க் கணினிப் பழுதுகாரர்கள் பார்த்தவை

கம்பம்:
ஏலக்காய்க் கடையிலிருந்து "பில் போட முடியலை, சர்வர் வரலை" என்று கூப்பிட்டால், பிழை பட்டென்று வந்ததா, சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்ததா என்று முதலில் கேளுங்கள். பட்டென்று வந்து 10061 என்ற பிழை எண்ணைக் காட்டினால் சர்வர் கணினி (கடைக் கணக்கு இருக்கும் கணினி) ஓடுகிறது, அந்தப் போர்ட்டில்தான் (கணினிக்குள் போகும் எண்ணிட்ட வாசல்) ஆள் இல்லை. டேட்டாபேஸ் சர்வீஸ் (கணக்கைக் காக்கும் நிரல்) நின்றிருக்கும். காக்க வைத்து 10060 வந்தால் ஃபயர்வால் (காவல் நிரல்) மறிக்கிறது, ஐ.பி. (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி எண்) மாறிவிட்டது, அல்லது சர்வர் கணினியே அணைந்திருக்கிறது. பாஸ்வேர்டு தப்பு என்று வந்தாலோ, இணைப்பு சர்வர் வரை போய்விட்டது. கேபிளைப் பிடுங்கிச் சொருகுவது வெட்டி வேலை.

மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும்போது ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐ.பி. கொடுத்துவிடும். சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) ஒரே ஐ.பி.யை ரவுட்டரிலேயே ஒதுக்கி வையுங்கள். இடி விழுந்து ரவுட்டரையே மாற்றினால் இன்னொரு வம்பு: விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' (நம்பத்தகாத பொது இடம்) ஆக்கலாம். ஃபயர்வால் விதி 'பிரைவேட்'டுக்கு (நம்பும் சொந்த நெட்வொர்க்) மட்டும் எழுதியிருந்தால் அத்தோடு கதவு மூடியது. பிங் (கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறதே என்று நம்பாதீர்கள், பிங் எந்தப் போர்ட்டையும் தட்டிப் பார்ப்பதில்லை. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் போட்டு, எஸ்.கியூ.எல். சர்வர் டேட்டாபேஸின் வழக்கமான போர்ட்டான 1433-ஐச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

செங்கோட்டை:
கம்பத்து அண்ணன் சொன்ன 10061, எஸ்.கியூ.எல். எக்ஸ்பிரஸ் (எஸ்.கியூ.எல். சர்வரின் இலவசப் பதிப்பு) புதிதாகப் போட்ட இடத்திலும் வரும். அதில் டி.சி.பி. (நெட்வொர்க் வழி இணையும் முறை) அணைந்தே இருக்கும், போர்ட்டும் நிலையாக இருக்காது. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டி.சி.பி.யை இயக்கி, 'ஐ.பி. ஆல்' பகுதியில் டைனமிக் போர்ட் (தானே மாறும் போர்ட்) கட்டத்தை முழுக்கக் காலி செய்யுங்கள் (அங்கே 0 இருந்தாலும் டைனமிக்தான்). கீழே 1433 கொடுத்து சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். கிளையன்ட்டில் (சர்வரை அழைக்கும் பில் கணினியில்) ஐ.பி.க்கும் போர்ட்டுக்கும் நடுவே கமா. பலர் முக்காற்புள்ளி வைத்துவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை:
டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்றால் வழக்கமான போர்ட் 3306. பைண்ட் அட்ரஸ் (எந்த ஐ.பி.யில் காத்திருப்பது என்ற அமைப்பு) 127.0.0.1 என்று இருந்தால் சர்வர் கணினியைத் தவிர யாருக்கும் கிடைக்காது. பிழை எண் 1130 வந்தால் அந்தக் கிளையன்ட் ஐ.பி.யிலிருந்து வர யாருக்கும் அனுமதி எழுதவில்லை. 1129 வேறு ரகம்: ஒரே கணினியிலிருந்து வரும் இணைப்பு முயற்சிகள், நடுவில் ஒன்றுகூட ஒட்டாமல், தொடர்ந்து பாதியில் அறுந்தால் (வழக்கமான வரம்பு 100) அதையே தடுத்துவிடும். ஹோஸ்ட் கேஷைக் (சர்வர் வைத்திருக்கும் கணினிப் பட்டியல்) காலி செய்தால் திறக்கும், ஆனால் முனை (கிரிம்ப்) சரியாக அழுத்தாத கேபிளை விட்டுவைத்தால் திரும்ப வரும்.

குமுளி:
கம்பத்தில் சர்வர், மலைமேல் கிளை என்றால் கேளுங்கள். சர்வர் பக்கம் சிம் போட்ட ரவுட்டர் இருந்து, அதன் வெளி ஐ.பி. 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் வந்தால் போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் சர்வருக்குத் திருப்புவது) வேலைக்கே ஆகாது. ஒரே பொது ஐ.பி.யைப் பலருக்குப் பங்கிடுகிறார்கள். சர்வரே வெளியே அழைத்துச் சேரும் வி.பி.என். (இணையத்தின் வழியே தனிப் பாதை) போடுங்கள், அல்லது நிலையான ஐ.பி. வாங்குங்கள். நிலையான ஐ.பி. இருந்தாலும் 1433-ஐ இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். எஸ்.கியூ.எல். சர்வரின் முதன்மை நிர்வாகிக் கணக்கான 'எஸ்.ஏ.' பாஸ்வேர்டை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் ராப்பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும்.